நீடிய சாந்தம் யாருடைய குணம்?

தமிழ்த் திருமறையில் ஒரு சொல் விளங்காவிடில், அதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லை எடுத்துப் பிரித்துப் பொருள் காண்பது நம் பிரசங்க மேடைகளில் நெடுநாளைய வழக்கம். அவ்வாறு பிரிக்கப்படும் சொற்களுள் ஒன்று ‘லாங்-ஸஃபரிங்’ என்னும் தொகைச்சொல். ‘லாங்’ என்றால் நெடுங்காலம். ‘ஸஃபரிங்’ என்றால் துன்பப்படுதல். ஆகவே அன்பு நெடுங்காலம் துன்பப்படும், துன்பப்பட வேண்டும், என்று 1 கொரிந்தியர் 13:4 விளக்கப்படுகிறது. கேட்பதற்கு இது நேரியதாகவே இருக்கிறது. ஆனால் இவ்விளக்கம் மேடையோடு நிற்பதில்லை. கணவனிடம் அடிபட்டு ஆலோசனைக்கு வந்த பெண்ணிடத்திலும், கூலி பிடிக்கப்பட்டுச் சபை மூப்பரிடம் முறையிடுகிற உழைப்பாளியிடத்திலும் அதே சொல் அறிவுரையாகப் போய்ச் சேருகிறது. நீடிய சாந்தம் துன்பப்படுவோரின் கடமை என்று சொல்லப்பட்டுவிடுகிறது. இதற்கு வேத ஆதாரம் உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் ஆங்கிலச் சொல்லையே நோக்குவோம். ‘ஸஃபர்’ என்னும் வினை, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்த லத்தீன் சொல். லத்தீனில் ‘ஸுப்’ என்பது கீழ். ‘ஃபெர்ரே’ என்பது சுமத்தல். கீழே நின்று சுமப்பதே அதன் அடிப்பொருள். அதிலிருந்து பொறுத்துக்கொள்ளுதல், இடங்கொடுத்தல், வேதனைப்படுதல் ஆகிய பொருள்கள் கிளைத்தன. வேதனைப் பொருளும் ஆங்கிலத்தில் பழையதே, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் பதினாறாம் நூற்றாண்டின் செவிக்கு முதல் இரு பொருள்களும் இன்றைவிட மிக அண்மையில் இருந்தன. மாற்கு 10:14இல், சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடும்படி ஆண்டவர் கூறுமிடத்தில், 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் இதே வினையைத்தான் ஆளுகிறது. அங்கே அதற்கு ‘துன்பப்படுத்துங்கள்’ என்று பொருள் கொள்வார் எவருமிலர். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘இடங்கொடுங்கள்’ என்று அழகாகவே சொல்லிவிட்டது.

‘லாங்-ஸஃபரிங்’ என்னும் தொகை அச்சில் காணப்படும் மிகப் பழைய இடங்களுள் ஒன்று, வில்லியம் டிண்டேல் 1526இல் வெளியிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாடு. கலாத்தியர் 5:22இல் ஆவியின் கனிகளுள் ஒன்றாக அது பெயர்ச்சொல்லாய் நிற்கிறது. உரிச்சொல்லாக அதனைப் பரப்பியவர் மைல்ஸ் கவர்டேல். அவருடைய 1535ஆம் ஆண்டு வேதாகமத்தில் சங்கீதம் 103:8இல் அது கடவுளுக்குரிய அடைமொழியாய் வருகிறது. கவர்டேலின் சங்கீதங்கள் ஆங்கிலிக்கன் பொது ஜெப நூலில் இடம்பெற்றதால், தலைமுறை தலைமுறையாக ஆங்கில ஆராதனையில் அச்சொல் ஒலித்தது. அங்கே ‘நெடுங்காலம் துன்பப்படுகிற கடவுள்’ என்பது கருத்தன்று. ‘நெடுங்காலம் பொறுத்து இடங்கொடுக்கிற கடவுள்’ என்பதே கருத்து.

அதற்கு முன்னும் ஆங்கிலத்தில் வேறு சொற்கள் இருந்தன. பண்டை ஆங்கிலச் சங்கீத உரைகளில் ‘லாங்மோட்’ என்றொரு சொல் உண்டு. நெடுமனத்தார் என்பது அதன் பொருள். பதினான்காம் நூற்றாண்டில் விக்லிஃப் வழிவந்த மொழிபெயர்ப்பு, ‘நெடிது காத்திருக்கிற’ என்னும் பொருள்படும் தொடரைக் கையாண்டது. ஜெர்மானியர் இன்றும் ‘லாங்மூட்’ என்கின்றனர். லூத்தரும் 1 கொரிந்தியர் 13:4இல் அவ்வழிச் சொல்லையே வைத்தார்.

இவ்விடத்தில் இலக்கண நுட்பமொன்று உண்டு. தமிழ் மாணவர்களுக்கு அதனை விளக்குவது எளிது. பண்டை ஆங்கில ‘லாங்மோட்’, லத்தீன் ‘லோங்கானிமிஸ்’, கிரேக்க ‘மக்ரோதூமொஸ்’ ஆகிய மூன்றும் நம் இலக்கணப்படி அன்மொழித்தொகைகள். நெடிய உள்ளத்தை உடையவர் என்று, தொகையில் இல்லாத ஒருவரைக் குறித்து நிற்பவை. அவை ஒருவரிடம் இருப்பதைச் சொல்லுகின்றன. ‘லாங்-ஸஃபரிங்’ அவ்வகையினதன்று. அது வினையடியாகப் பிறந்த எச்சத்தைக் கொண்ட தொகை. ஒருவர் செய்வதை, அல்லது அவருக்கு நேர்வதை, அது சொல்லுகிறது. உள்ளத்தின் நீளம் காலத்தின் நீளமாயிற்று, உடைமை அனுபவமாயிற்று. டிண்டேலின் காலத்தில் இம்மாற்றத்தால் பெரிய கேடு விளையவில்லை. பின்னர் ‘ஸஃபர்’ என்னும் வினையில் இடங்கொடுத்தல் என்னும் பொருள் தேய்ந்து, வேதனைப் பொருள் மட்டும் தங்கியபோது, தொகைச்சொல்லின் பொருளும் சாய்ந்துவிட்டது. இன்றைய ஆங்கில நாளிதழ்களில் இவ்வடைமொழி யாருக்குச் சூட்டப்படுகிறது என்று பாருங்கள். குடிகாரனின் மனைவிக்கும், தாமதமாய் வரும் இரயிலுக்குக் காத்திருக்கும் பயணிகளுக்கும் அது சூட்டப்படுகிறது. கடவுளுக்குரிய அடைமொழியாய்த் திருமறையில் நின்ற சொல் கதியற்றவருக்குரிய அடைமொழியாக இறங்கிவிட்டது. நம் போதகர் பிரித்துக் காட்டுவது டிண்டேலின் சொல்லையன்று, நாளிதழின் சொல்லையே.

டிண்டேல் எபிரெயம் கற்று, 1530இல் ஐந்தாகமங்களை வெளியிட்டபோது, யாத்திராகமம் 34:6இல் தம் சொந்தத் தொகையை வைக்கவில்லை. ‘எளிதில் கோபங்கொள்ளாதவர்’ என்னும் பொருள்படவே எழுதினார். 1560ஆம் ஆண்டின் ஜெனீவா வேதாகமம் ‘கோபத்திற்குத் தாமதிக்கிறவர்’ என்றது. 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் வைத்துக்கொண்டனர். பழைய ஏற்பாட்டில் ‘லாங்-ஸஃபரிங்’ நான்கே இடங்களில் அவர்களிடம் காணப்படுகிறது: யாத்திராகமம் 34:6, எண்ணாகமம் 14:18, சங்கீதம் 86:15, எரேமியா 15:15. நான்கும் கடவுளைப் பற்றியவை. நீதிமொழிகளில் அதே எபிரெயத் தொடர் மனிதனைக் குறிக்கும்போது ‘கோபத்திற்குத் தாமதிக்கிற’ என்னும் சொற்களையே அவர்கள் தெரிந்துகொண்டனர். ஆங்கில வேதாகமத்தைச் சான்றாகக் காட்டுவோர் இதையும் கவனித்திருக்கலாம்.

அந்த எபிரெயத் தொடர் ‘ஏரெக் அப்பாயிம்’ என்பது. ‘ஏரெக்’ என்பது நீளம் குறித்த அடை. ‘அஃப்’ என்பது மூக்கு, அதுவே கோபத்திற்கும் பெயர். ‘அப்பாயிம்’ அதன் இருமை வடிவம். நெடிய மூக்கினர் என்பது சொற்பிரிப்பு. கோபம் வர நெடுநேரமாகிறவர் என்பது பொருள். இதன் எதிர்ச்சொல்லும் நீதிமொழிகள் 14:17இல் உண்டு: குறுகிய மூக்கினன், அதாவது முன்கோபி. தமிழனுக்கு இது புதிதன்று. ‘அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம்’ என்று நாமும் சொல்லுகிறோம். அவ்வாறு சொல்லும்போது நாம் எவருடைய மூக்கையும் எண்ணிப் பார்ப்பதில்லை. எபிரெயரும் எண்ணியிரார். ஆகவே கடவுளின் மூக்கின் நீளத்தைப் பற்றி மேடையில் நகைச்சுவை செய்வோர் எபிரெய அறிவைக் காட்டுகின்றனர் என்று கொள்வதற்கில்லை.

இதனைச் சொல்லும்போது ஒரு மறுப்பு எழும். ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பது தவறெனில், எபிரெயச் சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பது மட்டும் சரியாகுமா? ஆகாது. சொல்லின் வேர் அதன் பொருளைத் தீர்மானிப்பதில்லை. வாக்கியத்தில் அது ஆளப்படும் முறையே தீர்மானிக்கிறது என்பதை ஜேம்ஸ் பார், வேதாகம மொழியின் பொருளியல் பற்றி 1961இல் எழுதிய நூலில் ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்டினார். அதற்குப் பின்னும் வேர்ச்சொல் பிரசங்கங்கள் குறையவில்லை என்பது வேறு செய்தி. ஆகையால் ‘மூக்கு’ என்பதையோ, கிரேக்கத்தில் அதனைப் பெயர்த்த ‘மக்ரோதூமியா’வின் ‘தூமொஸ்’ என்பதையோ முடிவான சான்றாக வைக்க நாம் முற்படவில்லை. இச்சொல் யார் யாருக்கு, எந்நிலையில் ஆளப்படுகிறது என்பதையே கேட்கிறோம்.

பழைய ஏற்பாட்டில் இதன் தலையாய இடம் யாத்திராகமம் 34. பொற்கன்றுக்குட்டியின் பாவத்திற்குப் பின், இஸ்ரவேலை அழிக்கவல்ல கடவுள், தம் பெயரை அறிவிக்கும்போது தம்மை நீடிய சாந்தமுள்ளவர் என்கிறார். எண்ணாகமம் 14இல் மோசே அதே சொல்லைச் சொல்லி மன்றாடுவதும் தண்டனை வாசலில் நிற்கும்போதுதான். குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாதவர் என்பதையும் அவன் அதே வசனத்தில் விடாமல் சொல்லுகிறான். நாகூம் 1:3 இன்னும் தெளிவு. அங்கே நீடிய சாந்தமும் பெரிய வல்லமையும் அருகருகே வைக்கப்படுகின்றன. வல்லமையற்றவனுடைய அமைதியைத் தீர்க்கதரிசி இச்சொல்லால் குறிக்கவில்லை. யோனா 4:2இல் தீர்க்கதரிசி மனம் கசந்து குறை கூறுவதும் இதனையே: அழித்திருக்கக்கூடிய நினிவேயைக் கடவுள் அழிக்கவில்லை.

எரேமியா 15:15 எல்லாவற்றினும் சிந்திக்கத்தக்கது. நம் பிரசங்கங்களில் அது அரிதாகவே எடுக்கப்படுகிறது. துன்பப்படுகிறவன் அங்கே எரேமியா. நம் மேடை விளக்கத்தின்படி நீடிய சாந்தம் அவனிடம் இருக்க வேண்டும். மாறாக, அவன் அதனைக் கடவுளிடம் காண்கிறான்; கண்டு அஞ்சுகிறான். தன்னைத் துன்புறுத்துவோர்மேல் கடவுள் காட்டும் நீடிய பொறுமையில் தான் வாரிக்கொள்ளப்படாதபடி மன்றாடுகிறான். அவர்களிடம் நியாயம் விசாரிக்கும்படி கேட்கிறான். ஒடுக்குகிறவனுக்குக் கிடைக்கும் தவணை ஒடுக்கப்பட்டவனின் ஆயுளிலிருந்து கழிக்கப்படுகிறது என்பதைத் தீர்க்கதரிசி அறிந்திருக்கிறான். அப்படிக் கேட்டதற்காகக் கடவுள் அவனைத் தள்ளிவிடவில்லை. அவ்வதிகாரத்தின் முடிவில் அவனைத் திருத்தி நிலைநிறுத்தி, பலாத்காரரின் கைக்கு நீங்கலாக்கி விடுவிப்பதாகவே வாக்களிக்கிறார். ஒடுக்கப்பட்டவனிடம் போய், உனக்கு நீடிய சாந்தம் வேண்டும் என்று சொல்லுவதற்கும் இந்த மன்றாட்டிற்கும் இடையே எவ்வளவு தூரம்!

புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். மத்தேயு 18:23 முதல் வரும் உவமையில் இவ்வினை இருமுறை வருகிறது. பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் அரசனிடத்திலும், நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவன் தன் உடன் வேலைக்காரனிடத்திலும் ஒரே வார்த்தையைச் சொல்லி வேண்டுகின்றனர். நம் வேதாகமத்தில் ‘பொறுமையாயிரும்’ என்று காணப்படுவதன் கிரேக்க மூலம் மக்ரோதூமியாவின் வினையே. கேட்பவன் கடனாளி, கொடுக்கவேண்டியவன் தொண்டையைப் பிடித்திருக்கிறவன். கழுத்து நெரிபடுகிறவனைப் பார்த்து, நீ பொறுமையாயிரு என்று உவமையில் எவரும் சொல்லவில்லை. அவனுடைய உடன் வேலைக்காரர் துக்கப்பட்டு, நடந்ததை ஆண்டவனிடம் போய் அறிவித்தார்கள். அறிவித்ததை உவமை குற்றமாக எண்ணவில்லை.

பவுலின் நிருபங்களிலும் நிலைமை பெரும்பாலும் இதுவே. ரோமர் 2:4இல் அது நியாயந்தீர்க்கும் கடவுளின் குணம். 1 தீமோத்தேயு 1:16இல், துன்புறுத்துகிறவனாயிருந்த பவுலிடம் உயிர்த்தெழுந்த ஆண்டவர் காட்டியது. 1 தெசலோனிக்கேயர் 5:14இல், பலவீனரைத் தாங்கும்படி கட்டளை பெற்ற சபையாருக்குச் சொல்லப்பட்டது. 1 கொரிந்தியர் 13 எழுதப்பட்டதும் எத்தகைய சபைக்கு? அறிவினால் இறுமாப்படைந்து பலவீனரின் மனச்சாட்சியை மிதித்த சபைக்கு. ஆண்டவரின் பந்தியில் இல்லாதவர்களை உள்ளவர்கள் வெட்கப்படுத்திய சபைக்கு. அங்கே அன்பின் முதற்குணமாக நீடிய சாந்தம் வைக்கப்படுவது பலவானை நோக்கிய வார்த்தை என்றே நாம் கருதுகிறோம். துன்பத்தில் நிலைத்து நிற்றலைப் பவுல் மறந்தாரல்லர். அதற்கு ‘ஹூப்பொமொனே’ என்னும் வேறு சொல் உண்டு. அதன் வினை அதே அதிகாரத்தின் 7ஆம் வசனத்தின் இறுதியில் வருகிறது. ஒரே பத்தியில் இரண்டு சொற்களையும் வைத்தவர் இரண்டையும் ஒன்றென எண்ணியிரார். அவ்விரண்டிற்கும் நடுவே, 6ஆம் வசனத்தில், அன்பு அநியாயத்தில் மகிழ்வதில்லை என்பதும் நிற்கிறது. 1 பேதுரு 2:20இல் அடிபடும் வேலைக்காரருக்குச் சொல்லப்படுவதும் ஹூப்பொமொனேயின் வினைதான். அப்பகுதி தனியாக ஆராயப்படவேண்டிய சிக்கலுடையது; ஆனால் நீடிய சாந்தத்திற்கு அதனைச் சான்றாக இழுப்பதற்கில்லை.

இவ்வேறுபாடு புதிய கண்டுபிடிப்பன்று. புதிய ஏற்பாட்டு ஒருபொருட் சொற்களைப் பற்றி ஆர்.சி. டிரெஞ்ச் 1854இல் வெளியிட்ட நூலில், மக்ரோதூமியா மனிதரிடத்தும், ஹூப்பொமொனே நிகழ்ச்சிகளிடத்தும் காட்டப்படுவது என்று பிரித்துக் காட்டினார். பழிவாங்க எளிதாய் இயன்றும் வாங்காதிருப்பவனுக்குரிய சொல் இது என்று கிறிசொஸ்தொம் கண்ட பொருளை வில்லியம் பார்க்ளேயும் எடுத்துக்காட்டுகிறார். பார்க்ளேயின் விளக்கவுரை இல்லாத போதகர் வீடு அரிது. அவ்வரியைத் தாண்டி நாளிதழ் ஆங்கிலத்திற்குப் போவானேன்?

ஒரு தடையை மறைக்கலாகாது. யாக்கோபு 5:7 முதல் 10 வரையிலான பகுதியில் நீடிய பொறுமை ஒடுக்கப்பட்டோருக்கே கட்டளையாகக் கூறப்படுகிறது. முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் பயிரிடுகிறவன் அங்கே உவமை. ஆகவே, வலியவருக்கு மட்டுமே இச்சொல் உரியது என்று சட்டம் வகுப்போமாயின் நாமும் பார் கண்டித்த பிழையில் விழுவோம். ஆனால் யாக்கோபு அவ்வார்த்தையைச் சொல்லுமுன் செய்தது என்ன? 5:4இல், அறுத்தவர்களின் கூலி பிடிக்கப்பட்டதையும், அக்கூலி கூக்குரலிடுவதையும், அது சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டதையும் செல்வரின் முகத்திற்கு முன்பாக அறிவித்தார். அதன்பின்தான் சகோதரரைப் பார்த்துக் காத்திருக்கச் சொன்னார். அக்காத்திருத்தல் ஆண்டவரின் வருகையை, அதாவது நியாயாதிபதியின் வருகையை, நோக்கியது. நம் மேடைகளில் 7ஆம் வசனம் வாசிக்கப்படும் அளவுக்கு முதல் ஆறு வசனங்கள் வாசிக்கப்படுகின்றனவா?

தமிழ்ச் சொல்லைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். 1871இல் நிறைவு பெற்ற, ஹென்றி பவர் ஐயர் தலைமையிலான திருத்த மொழிபெயர்ப்பு, யாத்திராகமம் 34:6, ரோமர் 2:4, 1 கொரிந்தியர் 13:4 ஆகிய இடங்களில் ‘நீடிய சாந்தம்’ என்றும், கலாத்தியர் 5:22, யாக்கோபு 5:7 ஆகிய இடங்களில் ‘நீடிய பொறுமை’ என்றும் வழங்குகிறது. இரண்டிலும் மூலத்தின் நீளம் காப்பாற்றப்பட்டிருக்கிறது. ‘பொறு’ என்பது சுமத்தல். பொறை என்பது சுமை. ஆங்கில ‘ஸஃபர்’ போலவே அதுவும் சுமையிலிருந்து பிறந்த சொல். ‘சாந்தம்’ அப்படியன்று, அது கோபம் தணிந்த நிலை. கோபத்தைப் பற்றிய எபிரெயத் தொடருக்கு அதுவே நெருக்கமானது. கையில் இச்சொல்லை வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தின் துணையை நாடிப் பொருளைக் கெடுத்துக்கொள்வது வருந்தத்தக்கது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, யாத்திராகமத்தில் ‘சினம் கொள்ளத் தயங்குபவர்’ என்று பெயர்த்தது. பொருள் மிகச் சரி. ஆயினும் ‘தயங்குதல்’ என்பதில் துணிவின்மையின் சாயல் சற்றே ஒட்டிக்கொள்கிறது. கடவுள் தயங்குவதில்லை, தாமதிக்கிறார். 1 கொரிந்தியர் 13இல் வெறும் ‘பொறுமை’ என்று அது நிறுத்திக்கொண்டதும் இழப்பே.

திருக்குறளைப் பயின்ற மாணவருக்கு இவ்வளவு விளக்கமும் தேவைப்படாது. வெகுளாமை அதிகாரத்தின் முதற்குறளே, தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதனைக் காப்பவனே காப்பவன் என்றும், செல்லாத இடத்தில் காத்தாலென்ன காவாவிட்டாலென்ன என்றும் தீர்த்துரைத்திருக்கிறது. சினம் செல்லாத இடத்தில் நிற்கும் ஒருத்தியிடம் நீடிய சாந்தத்தைப் போதிக்கிற போதகர், குறளின்படியும் திருமறையின்படியும் தவறான வீட்டில் போதிக்கிறார். அவர் போகவேண்டிய வீடு கையோங்குகிறவனுடையது. அவளுக்குத் தேவைப்படுவது வேறு: பாதுகாப்பான இடம், உடன் நடக்கும் சபை, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் காப்பு. இவற்றை நாடுவது ஆவியின் கனியற்ற செயல் என்று அவளிடம் சொல்லுவதற்கு, கலாத்தியர் 5:22 எவ்விதத்திலும் இடந்தரவில்லை.

இச்சொல் போதகருக்கென்றே கட்டளையாக வரும் இடமும் ஒன்றுண்டு. 2 தீமோத்தேயு 4:2இல், கண்டனம்பண்ணிக் கடிந்துகொண்டு புத்திசொல்லும் அதிகாரத்தைத் தீமோத்தேயுவின் கையில் கொடுக்கும்போது, எல்லா மக்ரோதூமியாவோடும் அதைச் செய்யும்படி எழுதப்பட்டிருக்கிறது. பிரசங்க மேடையில் நிற்பவனே அங்கே அதிகாரமுடையவன். நீடிய சாந்தம் அவனிடம் கேட்கப்படுகிறது.